பழநிக்கே போகாத பாம்பன் சுவாமிகள்: நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வாழ்க்கை

ஓம் சரவணபவ.

சின்ன வயசுல நம்ம எல்லாரையும் பயமுறுத்தின ஒரு விஷயம் உண்டு. பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திடும். பாட்டி சொல்லுவாங்க, அம்மா சொல்லுவாங்க, பக்கத்து வீட்டு அத்தைகூட சொல்லுவாங்க. ஏழு எட்டு வயசு வரைக்கும் அது வேலை செய்யும். அதுக்கு அப்புறம் ஒரு நாள் பிள்ளை பொய் சொல்லிப் பார்க்கும். கண்ணு நல்லாத்தான் இருக்கும். அன்னைக்கே அந்தப் பயம் போயிடும். சில பிள்ளைகளுக்கு அதோட சாமி மேல இருந்த நம்பிக்கையும் கொஞ்சம் குறைஞ்சுடும்.

அப்போ வளர்ற பிள்ளைகிட்ட உண்மையைப் பத்தி எப்படித்தான் பேசுறது? நம்ம குரூப்ல அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளைன்னு வீட்டுல குட்டிப் பசங்க இருக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. சிலருக்குச் சொந்தப் பிள்ளையே பேச ஆரம்பிச்சிருக்கும். அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. தினமும் சண்முக கவசம் படிக்கிற நமக்கு, அதைப் பாடின ஸ்ரீமத் பாம்பன் குமரகுருதாச சுவாமிகளோட வாழ்க்கையிலேயே இதுக்குப் பதில் இருக்கு.

*தென்னந்தோப்பில் ஆரம்பித்த பழக்கம்*

சுவாமிகள் பிறந்தது ராமேஸ்வரம் தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலம். வீட்டில் வைத்த பெயர் அப்பாவு. வளர்ந்தது பாம்பனில். இப்போ நாம ரயிலில் கடக்கிற பாம்பன் பாலத்துக்கு முந்தின பழைய பாலமே 1914-ல்தான் திறந்தாங்க. அவர் சிறுவனா இருந்தப்போ நாலு பக்கமும் கடல், கரையெல்லாம் தென்னந்தோப்பு, வெளியே போகணும்னா படகுதான்.

சின்ன வயசிலேயே கந்த சஷ்டி கவசத்தில் மனசு போனது. அருணகிரிநாதரைத் தன் ஞானகுருவாகவே நினைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, சூரியன் உதிக்கிற நேரம், தோப்பில் இருக்கும்போது முருகன் மேல் ஒரு பாட்டு வந்தது. அன்றிலிருந்து தினமும் மதியம் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு பாட்டு எழுதுவது என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அருணகிரிநாதர் பெயரைச் சேர்த்தார். அப்படி நூறு பாட்டு ஆனது.

இன்னைக்கு நாம ஆப்ல ஸ்ட்ரீக் போயிடக் கூடாதுன்னு ராத்திரி பதினொன்னேமுக்காலுக்கு அவசரமா போனைத் திறக்கிறோம். அவருக்கு நோட்டிபிகேஷன் கிடையாது, லைக் போட ஆள் கிடையாது. பாட்டு முடிஞ்சாத்தான் சாப்பாடு, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பெரிய காரியம் எதுவும் ஒரே நாளில் நடக்காது. தினமும் ஒண்ணு போதும். ஆனா அந்த ஒண்ணு நிக்கக் கூடாது. இந்த நூறு பாட்டில் ஆரம்பித்தவர் வாழ்நாள் முடிவதற்குள் பாடியது மொத்தம் 6666 பாடல்கள்.

இந்தச் சிறுவனின் பக்தியைப் பார்த்து மகிழ்ந்த சேதுமாதவ ஐயர், ஒரு விஜயதசமி நாளில் ராமேஸ்வரம் அக்கினி தீர்த்தத்தில் நீராட வைத்து ஆறெழுத்து மந்திரத்தை உபதேசம் செய்தார். சமஸ்கிருதம் படிக்கவும் சொன்னார். சொன்னபடியே அவர் படித்தார். பாட்டு வருதே, இனி எதுக்குப் படிப்புன்னு நினைக்கலை.

*குடும்பஸ்தராக இருந்தவர்*

சுவாமிகள் என்றதும் சின்ன வயசிலேயே காட்டுக்குப் போனவர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. 1878-ல் காளிமுத்தம்மாளுடன் கல்யாணம் நடந்தது. மூன்று குழந்தைகள். குடும்பப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டே பூஜையும் பாட்டும் நடந்தன.

அந்த வீட்டில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒரு ராத்திரி பெண் குழந்தை சிவஞானாம்பாள் விடாமல் அழுதது. தாய் பயந்துபோய், திருநீறு போட்டுவிடச் சொல்லிக் கணவரைக் கேட்டார். அவர் தான் போட மறுத்து, முருகனிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவும் அப்படியே வேண்டினார். கொஞ்ச நேரத்தில் காவி கட்டிய ஒரு துறவி வந்து குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார். குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கியது.

தனக்குச் சக்தி இருக்குன்னு வீட்டுக்குள்ளேகூட அவர் காட்டிக்கலை. மனைவியின் கோரிக்கையை நேராக முருகன் பக்கம் திருப்பிவிட்டார். நம்ம பிள்ளைகளுக்கும் இது வேணும். எனக்காக வேண்டிக்கோன்னு பிள்ளை சொன்னா, வேண்டிக்கலாம். ஆனா நீயும் கேளு, உன் வாயால கேளுன்னு சொல்லிக் கொடுக்கணும்.

*ஒரே ஒரு பொய்*

இப்போ இந்தப் பதிவோட முக்கியமான இடத்துக்கு வர்றேன். குழந்தைகளுக்கு மட்டும் இல்ல, நமக்கும் இது தேவை.

ஊரில் குடும்பத்தோடு இருந்த காலத்திலேயே சுவாமிகளுக்குத் துறவு ஆசை அதிகமாகிவிட்டது. பழநிக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தார். அந்தச் சமயத்தில் அங்கமுத்துப் பிள்ளை என்ற நண்பர் வந்தார். அவரிடம் தான் பழநிக்குப் புறப்படப்போவதைச் சொன்னார். நண்பருக்குச் சந்தேகம். குடும்பத்தை விட்டுவிட்டு இப்படிக் கிளம்புகிறாரே, இது முருகன் போட்ட உத்தரவா என்று கேட்டார்.

உத்தரவு எதுவும் வரவில்லை. ஆனால் சுவாமிகள் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த நிலையில் யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்போம்னு யோசிச்சுப் பாருங்க. பணத்துக்காகச் சொன்ன பொய் இல்லை. யாரையும் ஏமாற்றிச் சொத்து எழுதி வாங்கலை. பழநிக்குப் போகணும், முருகன் காலடியில் இருக்கணும், அதுக்கு நடுவில் நண்பர் வந்து தடுக்கக் கூடாது. அதுக்காக ஒரு ஆமாம். நம்ம ஆபீஸில் ஸ்டேட்டஸ் கால்ல கிட்டத்தட்ட முடிஞ்சதுன்னு சொல்றதைவிடச் சின்னது இது. பொய் லிஸ்ட்லயே நாம சேர்க்க மாட்டோம்.

நண்பர் போய்விட்டார். அன்று பிற்பகல் சுவாமிகள் மாடியில் உட்கார்ந்து பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். அப்போது தென் திசையில் முருகன் கோபமான முகத்தோடு, எச்சரிக்கும் விரலோடு தோன்றினார் என்று வரலாறு சொல்கிறது. உத்தரவு கொடுக்காமலே கொடுத்ததாக எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். சுவாமிகள் நடுங்கிப்போனார். எந்த உலக லாபத்துக்காகவும் சொல்லவில்லை, ஆன்ம லாபத்தை நினைத்துத்தான் சொன்னேன் என்று முறையிட்டார். முருகன் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. அதற்காகவும் பொய் சொல்லக் கூடாது என்றார். தான் கூப்பிடும் வரை பழநிக்கு வரக் கூடாது என்று வாக்குக் கேட்டார். சுவாமிகள் கொடுத்தார்.

அதுக்கு அப்புறம் அந்தக் கூப்பாடு வரவே இல்லை.

கொஞ்சம் நிதானமா இதை மனசுல ஓட்டிப் பாருங்க. சண்முக கவசம் பாடினவர். பஞ்சாமிர்த வண்ணம் பாடினவர். பஞ்சாமிர்தம்னாலே நமக்கெல்லாம் பழநிதான் ஞாபகம் வரும். அப்பேர்ப்பட்டவர் 1929-ல் சமாதி அடையும் வரைக்கும் பழநி மலையில் கால் வைக்கலை. காசி வரைக்கும் யாத்திரை போனார். பழநிக்கு மட்டும் போகலை.

இங்கே பிள்ளைகளோடு பேச மூணு விஷயம் இருக்கு.

ஒண்ணு, நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லலாமாங்கிற கேள்வி. பிள்ளைகள் இதைக் கண்டிப்பா கேட்பாங்க. அம்மா வருத்தப்படக் கூடாதுன்னுதான் மார்க்கை மறைச்சேன்னு சொல்லுவாங்க. பொய்க்குப் பின்னாடி எப்பவுமே ஒரு நல்ல காரணம் இருக்கும். சுவாமிகள்கிட்ட இருந்ததைவிட நல்ல காரணம் யார்கிட்டயும் இருக்க முடியாது. அதையே முருகன் ஒத்துக்கலை.

ரெண்டாவது, வாக்கு. அவர் பழநிக்குப் போயிருந்தா யாருக்குத் தெரியப்போகுது? கோயில் வாசலில் நிறுத்த ஆள் இல்லை. நண்பருக்குத் தெரியாது, வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது. எத்தனை தைப்பூசம், எத்தனை பங்குனி உத்திரம் வந்து போயிருக்கும். போகணும்னு ஆசை வராமலா இருந்திருக்கும்? ஆனாலும் போகலை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

மூணாவது எனக்கு ரொம்பப் பெரிசாப் படுது. மாடியில் நடந்தது அவருக்கும் முருகனுக்கும் மட்டும்தான் தெரியும். இன்னைக்கு இந்தச் சம்பவம் நமக்குத் தெரியுதுன்னா அவரே சொன்னதாலதான். எத்தனையோ பேர் காலில் விழுந்து வணங்கின மகான், தான் பொய் சொன்ன கதையை மறைச்சு வைக்கலை. மறைச்சிருந்தா யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. செஞ்ச தப்பைத் தானே எடுத்துச் சொல்ற தைரியம், தப்பே செய்யாம இருக்கிறதைவிடக் கஷ்டம்.

*கதவு மூடினவரே கையைப் பிடித்தார்*

பழநிக் கதையோட நிறுத்திட்டா பிள்ளை பயந்துடும். கண்ணைக் குத்துற சாமியோட இன்னொரு உருவமா முருகனைப் பார்க்க ஆரம்பிச்சுடும். அதனால மீதியையும் சேர்த்தே சொல்லணும்.

சுவாமிகள் ஒருமுறை காஞ்சிபுரம் போனார். அங்கே உள்ள கோயில்களைத் தரிசித்துவிட்டுக் கிளம்ப இருந்தார். குமரகோட்டம் மட்டும் பார்க்கவில்லை. வழியில் ஒரு சிறுவன் வந்து எதற்காக வந்தீர்கள் என்று கேட்டான். கோயில் தரிசனத்துக்கு என்றார். குமரகோட்டம் பார்த்தீர்களா என்று கேட்டான். இல்லை என்றதும், அவனே முன்னால் நடந்து கோயில் வரை அழைத்துப் போனான். உள்ளே போய்ப் பார்த்தால் சிறுவனைக் காணோம்.

முருகன் இவரை ஒதுக்கவே இல்லைங்கிறதுக்கு இது ஒண்ணு போதும். பழநிக்கு வராதேன்னு சொன்ன அதே முருகன்தான் குமரகோட்டத்துக்கு விரல் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறார். தண்டனை ஒரு பக்கம் அப்படியே இருக்கு. அதைத் தள்ளுபடி பண்ணலை. பாசமும் அப்படியே இருக்கு. அதையும் குறைக்கலை.

1894-ல் ராமநாதபுரம் பக்கத்தில் உள்ள பிரப்பன்வலசையில், மயானத்தில் சதுரமாக ஒரு குழி வெட்டி, மேலே கொட்டகை போட்டு, உள்ளே தவம் இருந்தார். மொத்தம் 35 நாள். பல சோதனைகள் வந்தன, எழுந்திருக்கவில்லை. அங்கே முருகன் காட்சி கொடுத்து உபதேசம் செய்தார் என்பது வரலாறு. பிரப்பன்வலசையில் இன்றும் அடியார்கள் போய் வணங்குகிறார்கள்.

அடுத்த வருஷம், 1895-ல், வீட்டைத் துறந்து சென்னைக்கு வந்தார். தெரிந்தவர் என்று யாரும் இல்லாத ஊர். வைத்தியநாத முதலி தெருவில் பங்காரு அம்மாள் என்ற அம்மையார், தனக்குக் கனவில் உத்தரவு வந்ததாகச் சொல்லி, அவரை வரவேற்று இடம் கொடுத்தார் என்பார்கள். உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் விட்டவர் சுவாமிகள். ஒரு வேளை எளிய சாப்பாடு. மற்ற நேரமெல்லாம் பாட்டும் பூஜையும் படிப்பும்தான்.

*தம்புச் செட்டித் தெருவும் பதினோராம் நாளும்*

1923 டிசம்பர் 27. சுவாமிகளுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பாரிமுனைப் பக்கம் தம்புச் செட்டித் தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு குதிரை வண்டி மோதி, சக்கரம் இடது கால் மேல் ஏறியது. கணுக்கால் எலும்பு முறிந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். இப்போது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிறதே, அதேதான்.

வெள்ளைக்கார டாக்டர்கள் பார்த்தார்கள். வயசு அதிகம், பல வருஷமாக உப்பில்லாத சாப்பாடு, எலும்பு கூடுவது கஷ்டம் என்று நினைத்தார்கள். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சும் வந்தது. சீடர்கள் கலங்கிப்போனார்கள். சின்னசாமி ஜோதிடர் என்ற சீடர் விடாமல் சண்முக கவசம் ஓதினார். முறிந்த எலும்பை வேல்கள் தாங்கிப் பிடித்து இணைப்பது போல அவருக்குத் தெரிந்தது என்று சொல்வார்கள்.

பதினோராம் நாள், 1924 ஜனவரி 6. மார்கழி மாத வளர்பிறைப் பிரதமை. படுக்கையில் இருந்த சுவாமிகள் வானத்தில் பெரிய மயில்கள் இரண்டு தோகை விரித்து ஆடி வருவதைப் பார்த்தார். அதோடு முருகன் காட்சியும் கிடைத்தது. பிறகு ஒரு சின்னக் குழந்தை தன் பக்கத்தில் படுக்கையிலேயே படுத்திருப்பதையும் கண்டார். காட்சி மறைந்தது. கால் குணமாகத் தொடங்கியது. டாக்டர்களே ஆச்சரியப்படும்படி எலும்பு கூடி, நடந்தே வெளியே வந்தார். அவர் இருந்த மன்றோ வார்டில் அவருடைய படம் வைத்து வழிபட்டார்கள். அந்த நாளைத்தான் இன்றும் மயூரவாகன சேவை என்று திருவான்மியூரில் வருஷா வருஷம் கொண்டாடுகிறார்கள். அதற்காகவே சுவாமிகள் 1926-ல் மகாதேஜோ மண்டல சபையை ஏற்படுத்தினார்.

வாட்ஸ்அப்ல இந்தக் கதை சுத்தும்போது ஒரு விஷயம் விட்டுப்போயிடுது. சுவாமிகள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்னு சொல்லலை. மருத்துவமனைப் படுக்கையில்தான் இருந்தார். டாக்டர்கள் செய்ய வேண்டியதை அவங்க செஞ்சாங்க. சீடர்கள் ஓத வேண்டியதை ஓதினாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னா திருநீறும் பூசணும், டாக்டர்கிட்டயும் காட்டணும். கவசம் படிச்சோம், மருந்து வேண்டாம்னு யாராவது சொன்னா, கவசம் பாடினவரே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்னு சொல்லுங்க.

எனக்கு இந்தச் சம்பவத்தில் மனசு நிக்கிற இடம் அந்தக் குழந்தைதான். பழநியில் ஆண்டிக் கோலத்தில் நிற்கிறவரும் ஒரு குழந்தைதான். அந்தக் குழந்தையைப் பார்க்கப் போகக் கூடாதுன்னு ஒரு வாக்கு. அதை அத்தனை வருஷம் மீறாமல் இருந்தார். கால் முறிஞ்சு எழுந்திருக்க முடியாமல் கிடந்தப்போ, குழந்தையே ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்து பக்கத்தில் படுத்துக்கிச்சு. இது என்னோட புரிதல். புத்தகத்தில் யாரும் இப்படிச் சேர்த்துச் சொல்லணும்னு இல்லை. ஆனா ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எனக்கு அப்படித்தான் தோணுது.

*பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது*

மகான் வரலாற்றை ஒரே மூச்சில் கொட்டினா பிள்ளைகளுக்குத் தூக்கம்தான் வரும். வயசுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுச் சொல்லலாம்.

ஐந்திலிருந்து எட்டு வயசுப் பிள்ளைக்குக் குமரகோட்டம் காட்டின சிறுவன் கதையும், மயில் வந்த கதையும் போதும். நாம கூப்பிடாமலே முருகன் வருவார்னு அது புரிஞ்சுக்கட்டும். பயம் எதுவும் வேண்டாம்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயசுக்குத் தென்னந்தோப்பையும் நூறு பாட்டையும் சொல்லுங்க. சண்முக கவசத்தில் 30 பாட்டு. உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுன்னு வெச்சா ஒரே மாசத்தில் முடிஞ்சுடும். தமிழ் எழுத்து வரிசையும் மனசில் நிக்கும். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பாட்டு. சுவாமிகள் வெச்சிருந்த அதே கணக்கு.

பதின்மூணு வயசுக்கு மேல் பழநிக் கதையைச் சொல்லுங்க. பிள்ளை பொய் சொல்லி மாட்டின அன்னைக்குச் சொல்லாதீங்க. அன்னைக்குச் சொன்னா அது கதையா இருக்காது, திட்டா மாறிடும். சும்மா பைக்ல கூட்டிட்டுப் போகும்போது, மொட்டை மாடியில் காத்து வாங்கும்போது சொல்லுங்க. சொல்லி முடிச்சுட்டு நீதி என்னன்னு கேட்காதீங்க. அதுவே யோசிக்கட்டும்.

பெரியவங்க நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. பிள்ளை ஒரு தப்பைத் தானே வந்து ஒத்துக்கிச்சுன்னா நாம பொதுவா ரெண்டில் ஒண்ணு செய்யறோம். பாவம்னு தண்டனையை ரத்து பண்ணிடறோம். இல்லைன்னா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு, பழைய கதையெல்லாம் கிளறறோம். முருகன் சுவாமிகள்கிட்ட ரெண்டையுமே செய்யலை. ரெண்டு நாளைக்கு மொபைல் கிடையாதுன்னு சொன்னா ரெண்டு நாளைக்குக் கிடையாதுதான். ஆனா அந்த ரெண்டு நாளும் சாப்பிட வான்னு கூப்பிடற குரல் மட்டும் மாறக் கூடாது. ராத்திரி போர்வையை இழுத்து விடறது நிக்கக் கூடாது. தப்புக்கு விலை உண்டு, ஆனா அதுக்காக நம்மளை வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்கங்கிற நம்பிக்கை இருக்கிற பிள்ளைதான் அடுத்த தடவையும் நம்மகிட்ட வந்து உண்மையைச் சொல்லும். அந்த நம்பிக்கை போயிடுச்சுன்னா பொய் சொல்றதை நிறுத்தாது. மாட்டிக்காம சொல்லக் கத்துக்கும்.

இன்னொண்ணு. வீட்டுக்கு வேண்டாதவர் போன் பண்ணா அப்பா இல்லைன்னு சொல்லுன்னு பிள்ளைகிட்ட நாமே சொல்லிக் கொடுத்துடறோம். அரை டிக்கெட்டுக்காக வயசைக் குறைச்சுச் சொல்ல வைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு எந்தக் கதையும் ஏறாது. சுவாமிகள் தன் தப்பைத் தானே சொன்ன மாதிரி, நாம சொன்ன ஒரு பொய்யைப் பிள்ளை முன்னாடியே ஒத்துக்கிட்டுத் திருத்திக்கிட்டா, அது நூறு கதைக்குச் சமம்.

*திருவான்மியூர்*

1929 மே 30, வியாழக்கிழமை காலையில் சுவாமிகள் சமாதி அடைந்தார். மறுநாள் திருவான்மியூரில் அடக்கம் நடந்தது. இன்று அதே இடத்தில் கோயிலாக இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கிற நம்ம அடியார்களுக்கு அது ரொம்பப் பக்கம். சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் போய் உட்கார்ந்தால் போதும், டிராஃபிக் சத்தம் எல்லாம் எங்கேயோ போயிடும். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. சத்தமா ஓத வேண்டாம், சும்மா உட்காரச் சொல்லுங்க.

அடுத்த தடவை குடும்பத்தோட பழநிக்குப் போகும்போது, படி ஏறினாலும் சரி, வின்ச்சில் போனாலும் சரி, மேலே போனதும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி இதைச் சொல்லுங்க. இந்த இடத்துக்கு வரணும்னு உயிரையே வெச்சிருந்த ஒருத்தர் கடைசி வரைக்கும் வரலை. கொடுத்த வாக்கைக் காப்பாத்தினார். அவருக்கும் சேர்த்து ஒரு தடவை கும்பிட்டுக்கோ.

குமரகுருதாச சுவாமிகள் திருவடிகளே சரணம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!